இரண்டு கபுறுக்குச் சொந்தக்காரியான என் ராத்தாவுக்கு

என் உயிர் ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். மையவாடியில் கபுறுக்குள் அடங்கியிருப்பவர்களுக்கு சலாம் சொன்னால் அவர்களுக்குக் கேட்கும் என்று ஓதப் போன காலத்தில் சொல்லித் தந்தார்கள். சலாம் கேட்கும் என்றால் மிச்சமும் கேட்கும்தானே, அதனால் உன் தங்கச்சி சொல்வதைக் கேள். இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதவில்லை. பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். நம்முடைய வயிற்றைப் பற்றி ஊர் கதைத்ததையெல்லாம் இவ்வளவு காலமும் நாம் ஒட்டுக் கேட்டோம். இனி நாம் கதைப்பதை அவர்கள் ஒட்டுக் கேட்கட்டும்.

நம் ஊர் எத்தாளை மையவாடியில் இரண்டு இடத்தில் அடக்கப்பட்டவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். முதலில் உன் வயிற்றிலிருந்து எடுத்த கட்டியையும் அது ஒட்டிப் பிடித்திருந்த சூலகத்தையும் அடக்கினார்கள். சில வருடம் கழித்து உன்னை அடக்கினார்கள். உடம்பிலிருந்து எதை அறுத்தெடுத்தாலும் மண்ணுக்குக் கொடுப்பது நம் ஆட்களின் வழக்கம். தண்ணீர் மோட்டரின் பெல்ட்டில் சிக்கித் துண்டாகிப்போன காசிம் நானாவின் விரலைக்கூட வெள்ளைத் துணியில் சுற்றித்தான் அடக்கினார்கள். அந்த வழக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அடக்குவதற்கு முன்னால் உள்ளே என்ன இருந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லையே, சண்டை அதோடுதான்.

உனக்குத் தெரிந்த கதைதான். படிக்கிறவர்களுக்குத் தெரியாது என்பதால் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நீ பெரிய பிள்ளையான நாளிலிருந்து மாதாமாதம் அலுமாரிக்கும் கட்டிலுக்கும் இடையில் தரையில் சுருண்டு கிடப்பாய். சுடுதண்ணீர்ப் போத்தலை வைத்து வைத்து உன் அடிவயிற்றுத் தோல் வலை விரித்தது போலக் கறுத்துப் போயிருந்தது. "பொம்புளப் புள்ளைக்கு இதெல்லாம் இருக்கிறதுதான். கலியாணம் முடிச்சா சரியாப் போயிடும்" என்றார் உம்மா. மாம்புரியில் மச்சானுக்குக் கலியாணம் முடித்துக் கொடுத்தார்கள், சரியாகவில்லை. "ஒரு புள்ள பொறந்தா சரியாப் போயிடும்" என்றார் உன் மாமி. பிள்ளை வரவில்லை. வலிக்கு மருந்து பிள்ளை என்றார்கள், அந்தப் பிள்ளையை வரவிடாமல் பண்ணுவதே அந்த வலியின் நோய்தான் என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. இந்த வைத்தியத்தை முதலில் கண்டுபிடித்தவர் ஆம்பிளையோ பொம்பிளையோ, மாதத்தில் ஒரு நாள் அவருக்கு உன் வலியைக் கொடு என்று நான் அல்லாஹ்விடம் கேட்டிருக்கிறேன். கேட்டது கபூலாகியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஓதிய தண்ணீர் குடித்தாய். இடுப்பில் நூல் கட்டினாய். மதுரங்குளியில் ஒருத்தி தந்த கசாயத்தைக் குடித்து வாந்தி எடுத்தாய். கடைசியில் மச்சான் உன்னைப் புத்தளத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஸ்கேனில் கட்டி தெரிந்தது, வெட்டி எடுத்தார்கள். எடுத்ததை ஒரு போத்தலில் மருந்துத் தண்ணீருக்குள் போட்டு, "கொழும்பில லேபுக்குக் கொண்டு போய்க் குடுங்க, என்ன கட்டியெண்டு பாத்துச் சொல்லுவாங்க" என்று வாப்பாவிடமும் மச்சானிடமும் தந்தார் டொக்டர்.

பிறகு நடந்ததை மச்சான்தான் எனக்குச் சொன்னார். இருவரும் கொழும்பு பஸ்ஸில் ஏறினார்கள். வாப்பா அந்தப் போத்தலை மடியில் வைத்துத் தன் தோள் துண்டால் மூடிக்கொண்டு இருந்தாராம். கொஞ்ச தூரம் போனதும், "இத ஆரோ ஆம்புளயள் மேசையில வெச்சு வெட்டிப் பாப்பாங்க, என்ன மருமகன்?" என்று கேட்டாராம். மச்சானும், "கட்டியத்தான் எடுத்தாச்சே மாமா. இனி என்னத்தப் பாக்கிற?" என்றாராம். பாலாவிச் சந்தியில் இறங்கி, ஊருக்குத் திரும்புகிற கற்பிட்டி பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். அன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு உன் சதை மையவாடி மதிலோரம் அடங்கியது. வாப்பா தன் கையால் மண் போட்டார்.

ராத்தா, இதில் கெட்டவர்கள் யாரும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். வாப்பா உன் மானத்தை மடியில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்ததாகத்தான் நினைத்தார். நீயும் அப்படித்தான் நினைத்தாய். தையல் வலியோடு படுத்துக்கொண்டு, "என்ட சதைய கண்டவனும் பாக்காம வாப்பா கொண்டு வந்துட்டாரு" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாய். உன்னோடு எனக்கு இருக்கிற ஒரே கோபம் அதுதான். நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குள் இருந்தது என்ன, ஏன் வந்தது, திரும்ப வருமா என்று. அதைக் கேட்கலாம் என்றே உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அதுவும் எனக்குத் தெரியும். இருந்தாலும் கோபம் கோபம்தான்.

அடுத்த முறை காட்டப் போனபோது டொக்டர் ரிசல்ட்டைக் கேட்டார். "அடக்கிட்டம் டொக்டர்" என்றார் மச்சான். அவர் தலையில் கை வைத்தாராம், பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், மெதுவாகச் சொல்ல என்னால் முடியாது. வலி திரும்ப வந்தது. பிறகு ஒரு நாள் உன் வயிறு உப்பத் தொடங்கியது. முதலில் கண்டது உன் மாமிதான். மாம்புரியில் இருந்து எத்தாளை வரைக்கும் செய்தி பறந்தது. வட்டிலப்பம் வந்தது, மாங்காய் வந்தது, உன்னை மலடி என்று சொன்ன வாய்களெல்லாம் உன் நெற்றியைத் தடவிக்கொண்டு வந்தன. கர்ப்பம் சோதித்துப் பார்க்கிற பட்டையில் இரண்டாவது கோடு விழவில்லை. "சில பேருக்குப் பிந்தித்தான் காட்டுமாம்" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. அதனால் நானும் உனக்கு மாங்காய் வெட்டித் தந்தேன்.

ஸ்கேனில் பிள்ளை இல்லை, தண்ணீர் இருந்தது. தண்ணீருக்குப் பின்னால் வயிறு முழுக்கப் பரவிய புற்றுநோய் இருந்தது. பெரியாஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, "முந்தி எடுத்த கட்டியோட ரிசல்ட் எங்க?" என்பதுதான். நீ, நான், வாப்பா, மச்சான், நால்வரும் அங்கேதான் நின்றோம். அடுத்த நோன்புப் பெருநாளுக்கு நீ இல்லை.

இனி உனக்குத் தெரியாத கதைகள்.

மச்சான் திரும்பக் கலியாணம் முடித்தார். அவருக்கு ஒரு ஆண் பிள்ளை. நல்ல பிள்ளை, என்னைக் கண்டால் சிரிக்கும், எனக்கு அதில் மனவருத்தம் இல்லை. நான் மதுரங்குளியில் அபாயா தைக்கிற கடை போட்டிருக்கிறேன். போன மாதம் உன் மாமி அளவு கொடுக்க வந்தார். தோளை அளந்துகொண்டிருக்கும்போது, "இப்ப பாத்தியா நஸ்ரியா, குறை எங்கட பக்கம் இல்ல. அவளுக்குத்தான் குடுப்பின இல்லாமப் போச்சு" என்றார்.

நான் அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றேன். "மாமி, ராத்தாக்குக் குடுப்பின இல்லாம இல்ல. நோய் இருந்திச்சு. அந்த நோய்க்குப் பேர் இருக்கு. எண்டோமெட்ரியோசிஸ்."

"என்ன சனியன் பேரு அது?"

"வாயில நுழையாட்டி பரவாயில்ல மாமி. மலடிங்கிற பேர் மட்டும் எப்படி லேசா நுழைஞ்சிச்சு?"

மாமி அளவு கொடுக்காமலே போய்விட்டார். கடையில் இருந்த மற்ற இரண்டு பெண்களும் போகவில்லை. ஒருத்தி மெல்லக் கிட்ட வந்து, "அந்தப் பேர இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அவள் போனில் பதிந்துகொண்டாள்.

எனக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும் என்று கேட்கிறாயா? எனக்கும் அதுதான் ராத்தா. நானும் அலுமாரிக்குப் பக்கத்தில் சுருண்டவள்தான், உன்னைப் பார்த்துக்கொண்டு சத்தம் போடாமல் சுருண்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு பக்கமும் கட்டி. அடுத்த கிழமை கொழும்பில் ஒப்பரேசன்.

அங்கே ஒரு டொக்டர் இருக்கிறார், சிங்களப் பொம்பிளை, என்னைத் தங்கச்சி என்று, அவர் பாஷையில் நங்கி என்றுதான் கூப்பிடுவார். இந்த நோயைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற குழுவில் அவரும் ஒருவர். கருப்பைக்கு உள்ளே இருக்கிற சவ்வுப் படலத்தைப் போன்ற ஒன்று வெளியே, சூலகத்தில், குடலில், கண்ட இடத்திலெல்லாம் முளைக்கிறதாம். மாதாமாதம் அதுவும் கசியுமாம். கசிந்தது போக வழியில்லாமல் உள்ளே உள்ளதையெல்லாம் பசை ஊற்றியது போல ஒட்டிப்போடுமாம். கருத்தரிப்பதையும் அது பல பேருக்குக் கெடுக்குமாம். "ஏன் மிஸ் முளைக்குது?" என்று கேட்டேன். "இன்னும் சரியாகத் தெரியாது நங்கி. அதைத்தான் தேடுகிறோம்" என்றார்.

தெரியாது என்று ஒரு ஆள் சொன்னதைக் கேட்டு எனக்கு ஏன் அழுகையும் சந்தோசமும் ஒன்றாக வந்தது? இவ்வளவு காலமும் நம்மைச் சுற்றி எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. கலியாணம் முடித்தால் சரி என்று தெரிந்திருந்தது. கண்ணூறு என்று தெரிந்திருந்தது. கொடுப்பினை இல்லை என்று தெரிந்திருந்தது. தெரியாது, தேடுகிறேன் என்று சொன்ன முதல் ஆளை நான் முப்பது வயது தாண்டித்தான் கண்டேன்.

உன் கதையையும் சொன்னேன். அந்தப் போத்தல் லேபுக்குப் போயிருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்று கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் வருவதில்லை, உன் கட்டியில் அப்போதே ஏதும் இருந்ததா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்றார். யாராலும் சொல்ல முடியாது. ராத்தா, நீ போனதைக்கூட விதி என்று எடுத்துக்கொள்ள நான் பழகிவிட்டேன். இதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் கேட்டார், என் உடம்பிலிருந்து எடுக்கிற சதை இழையத்தில் நோயைப் பரிசோதிக்க வேண்டியது போக ஒரு பங்கை ஆராய்ச்சிக்குத் தர விருப்பமா என்று. அவர் கேட்டு முடிக்க முன்னமே ஓம் என்றேன்.

வீட்டில் சொன்னேன். வெடித்தது. உம்மாவுக்குக் கலியாணக் கவலை. மதுரங்குளியில் டயர் கடை வைத்திருக்கிற ஒருவர் வீட்டிலிருந்து எனக்குப் பேசி வந்திருந்தார்கள். "நிக்காஹ் முடியிற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு மகள், உனக்குக் கோடி புண்ணியம்" என்று உம்மா கெஞ்சினார். நான் அன்றைக்கே அந்த மனிசனுக்குப் போன் எடுத்தேன். எனக்கு இன்ன நோய், பிள்ளை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்றேன். "வீட்டாரோட கதைச்சிட்டுச் சொல்றன்" என்றார். இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்போல. டயருக்குக் காற்று அடித்துக்கொண்டே கதைக்கட்டும், எனக்கு அவசரமில்லை.

வாப்பாதான் கஷ்டம். வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு நின்றார். போய்ச் சொன்னதும் மோட்டரை நிறுத்தினார்.

"மகள், உன்ட ராத்தாட சதைய நான் என்ட கையால வெச்சன். மரியாதையா வெச்சன்."

"ஓம் வாப்பா. மரியாதையாத்தான் வெச்சீங்க."

"உடம்பு அல்லாஹ் நம்பித் தந்த அமானிதம். துண்டு துண்டா ஊரான்ட கையில குடுக்கிறதா?"

"அமானிதம் பழுதாப் போனா ஏனெண்டு தேடணுமா இல்லையா வாப்பா? அதே பழுதுதான் எனக்கும் வந்திருக்கு. ராத்தாட கட்டியப் பாத்திருந்தா எனக்கும் நேரத்தோட தெரிஞ்சிருக்கும்."

அவர் மோட்டரைப் போட்டுவிட்டு நடந்தார். நானும் குரலைக் குறைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும், கேட்டால் கேட்கட்டும்.

பிறகு உம்மா மூலமாக ஒரு கேள்வி அனுப்பினார். பார்த்து முடித்ததும் திருப்பித் தருவார்களா? நான் டொக்டரிடம் கேட்டேன். இப்படி யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார். விசாரித்துவிட்டு, தரலாம், மிச்சத்தைக் கேட்டு வாங்கி அடக்கலாம், அதில் பிரச்சினை இல்லை என்றார். உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனார், வீட்டுச் சண்டை முடிந்தது என்ற நினைப்பில்.

ஆனால் டொக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார் ராத்தா. திருப்பி எடுக்காவிட்டால் அதை உறைய வைத்துப் பாதுகாப்பார்களாம். இன்றைக்குப் பார்த்து விளங்காததை நாளைக்குப் புதிய முறை வந்தால் வேறொரு ஆள் எடுத்துப் பார்க்கலாமாம். நான் நல்லா யோசித்தேன். இரண்டு ரக்அத் தொழுதுவிட்டும் யோசித்தேன். திருப்பி வேண்டாம், வைத்திருங்கள் என்று கையெழுத்துப் போட்டேன். கேள்வி இருக்கிற வரைக்கும் அது அங்கே இருக்கட்டும். அடக்க இன்னும் முழு உடம்பு மிச்சம் இருக்கிறது, அதை எப்படியும் ஒரு நாள் அடக்கத்தானே போகிறார்கள்.

வாப்பாவிடம் நானே சொன்னேன். அவர் சோற்றுப் பீங்கானைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போனார். உம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

நேற்றுப் பகல், லுஹருக்குப் பிறகு, வாப்பா என் கடைக்கு வந்தார். பொம்பிளைகள் வருகிற கடை என்று இவ்வளவு நாளும் அவர் வாசல் மிதித்ததில்லை. நேற்றும் உள்ளே வரவில்லை. படியில் நின்று என்னை வெளியே கூப்பிட்டார். கதிரை எடுத்துப் போட்டேன், இருக்கவில்லை. றோட்டில் போகிற லொறியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"மகள், உன்ட ராத்தாட அந்த எடத்த இப்பத் தோண்டினா ஏதாச்சும் கிடைக்குமா? அந்த டொக்டர் பாக்கிற மாதிரி ஏதாச்சும்?"

நான் வாய் திறக்க முன்னமே அவரே சொன்னார். "மண்ணு உப்பு மண்ணுதானே. உப்புக்குள்ள இருந்தா மீன் கெடாம இருக்கே. கேட்டுப் பாத்தியா?"

"இல்ல வாப்பா. அது மண்ணாப் போயிருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே நின்றார். எத்தனை நாளாக அவர் தன் மனசுக்குள் அந்த இடத்தைத் தோண்டிக்கொண்டிருந்தாரோ, நான் அறியேன். நான் அவர் மேல் கோபப்பட்டுக்கொண்டு இருந்தேன், அவர் அங்கே நின்றுகொண்டு இருந்திருக்கிறார். அவர் கையைப் பிடித்தேன். இழுத்துக்கொள்ளவில்லை.

"அப்ப உன்டதக் குடு" என்றார். "திருப்பிக் கேக்காத. எவ்வளவு காலம் வேணுமெண்டாலும் பாக்கட்டும்."

ராத்தா, நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன், அது ஆறப் போவதில்லை, ஆறவும் வேண்டாம். எனக்கு அது தேவைப்படுகிறது. உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். எனக்குப் பிள்ளை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உன் நோயின் பெயரை நான் சத்தமாகச் சொல்வேன், கடையில் சொல்வேன், கலியாண வீட்டில் சொல்வேன், மாமி திரும்ப வந்தால் அவருக்கும் சொல்வேன். இந்தக் கரையில் எந்தப் பிள்ளை சுருண்டு கிடந்தாலும், "இருக்கிறதுதான்" என்று சொல்ல ஒருவரையும் விட மாட்டேன். என் ரிசல்ட் வரும். நல்லதோ கெட்டதோ, வாப்பாவை உட்கார வைத்து, ஒரு சொல்லையும் விடாமல் வாசித்துக் காட்டுவேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்து, உன் நோயையும் பங்கு போட்டுக்கொண்ட,
வாயடங்காத தங்கச்சி
நஸ்ரியா